சிமென்ட் அன்னமும் சாட்சிக் கையெழுத்தும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பதை நேற்று மாலை நேரிலேயே பார்த்துவிட்டபடியால் அந்த விசாரிப்பை இங்கே விட்டுவிடுகிறேன். நான் சாலையின் எதிர்ப்பக்கம் வந்தபோது தாங்கள் பேக்கரி வாசலில் நின்றிருந்தீர்கள். என்னைக் கண்டதும் கையிலிருந்த காலி ரொட்டித் தட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதில் ஏதோ படிப்பதுபோல் பாவனை செய்தீர்கள். ரொட்டித் தட்டில் படிக்க ஒன்றும் இருக்காது என்பதை இருபத்தாறு ஆண்டு சர்வீஸில் நான் அறிவேன். நான்கு தெரு தள்ளி இருப்பவருக்குக் கடிதம் எழுதும் நிலை வந்ததற்கும் நான் பொறுப்பல்ல. கைப்பேசியில் அழைத்தால் எடுப்பதில்லை. அலுவலகத் தொலைபேசியில் அழைத்தால், 'ஹலோ' என்ற என் குரலைக் கேட்டதும், "ராங் நம்பர்" என்று தங்களுடைய குரலிலேயே சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் தங்கை, அதாவது என் மனைவி, தங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு முப்பத்தேழு நாளாகிறது. "எங்க அண்ணன் வீட்டுக் கதவுல ஒட்டின நோட்டீஸ உங்க கையாலயே கிழிச்சுப் போட்டுட்டு அப்புறம் வந்து என்னைக் கூப்பிடுங்க" என்பது அவள் விதித்த நிபந்தனை. ஒட்டிய கொசுப்புழு நோட்டீஸைக் கிழிக்க சுகாதார ஆய்வாளருக்கு அதிகாரம் கிடையாது. குறை சரிசெய்யப்பட்டது என்று பார்த்து எழுதினால் அது தானாக முடிந்துபோகும். தங்கள் மொட்டைமாடியில் உள்ள அந்த சிமென்ட் அன்ன நீரூற்றின் வயிற்றில் நாலு கூடை மண்ணைக் கொட்டி ஒரு செடியை நட்டால் காரியம் முடிந்தது. அதைச் செய்யத் தங்களுக்கு மனம் வரவில்லை. எனக்கோ விதியை மீற மனம் வரவில்லை. நடுவில் என் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தாங்கள் நடுநிலையோடு படிப்பீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, இருந்தும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்யாணப் பேச்சு நடந்த அன்று, கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்திருக்க, தாங்கள் என் அப்பாவிடம், "மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு சொன்னீங்க? சாக்கடைய மோந்து பாக்கிற வேலையா?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். விலங்கியலில் முதுகலை, முதல் வகுப்பு என்று என் அப்பா சொல்ல வாயெடுத்தது அந்தச் சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை. அன்று முதல் தங்கள் வீட்டில் எனக்கு 'கொசு மாப்பிள்ளை' என்று பெயர். மாடியில் நீரூற்று கட்டித் திறந்துவைத்த அன்றுகூடத் தங்கையை அழைத்தீர்கள், என்னை அழைக்கவில்லை. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் நோட்டீஸ் ஒட்டினேன் என்று தாங்கள் பேக்கரிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வருவதாக அறிகிறேன். மனதில் வைத்திருப்பது உண்மை. அதற்காக ஒட்டவில்லை.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்பது தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, ஏனென்றால் தாங்கள் கேட்டதில்லை. வார்டில் நானூற்றுப் பன்னிரண்டு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்கும். வாரம் ஒருமுறை போய்த் தொட்டி, வாளி, பூந்தொட்டி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு எல்லாவற்றையும் பார்த்து, கொசுப்புழு உண்டா இல்லையா என்று அட்டையில் எழுதி, தேதி போட்டு, நான் கையெழுத்திட வேண்டும். என்னோடு வரும் களப்பணியாளர் அம்மாளை வார்டே டார்ச்சம்மா என்றுதான் கூப்பிடுகிறது. ஐம்பத்து மூன்று வயது. இடது கையில் டார்ச், வலது கையில் நீளக் கரண்டி. எவ்வளவு இருட்டான தொட்டியையும் விடமாட்டார். கரண்டியில் மொண்ட தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்து, புழு இருந்தால் "ஆடுது ஐயா" என்பார். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். டார்ச்சம்மா பேசாத நாள் எங்களுக்கு நல்ல நாள்.

ஒன்றரை மாதத்துக்கு முன் தங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாக ஐந்து வீட்டில் காய்ச்சல் கண்டது. மருத்துவ அலுவலர் சுவரில் மாட்டிய வரைபடத்தில் ஐந்து சிவப்புப் புள்ளி வைத்து, அவற்றைச் சுற்றி வட்டம் போட்டு, "வட்டத்துக்குள்ள ஒரு வீடு விடாம மறுபடி பாருங்க. நீங்களே நேர்ல போகணும்" என்றார். தங்கள் வீடு வட்டத்தின் நட்டநடுவில் இருந்தது. வட்டத்தை நான் போடவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நானும் டார்ச்சம்மாவும் வந்தபோது, பேக்கரி உரிமையாளர் சங்கத்தின் புதிய தலைவர் என்ற முறையில் தாங்கள் மாடியில் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? எட்டுப் பேர் நாற்காலி போட்டு அன்னத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அலகிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டிய அன்னம் மோட்டார் கெட்டுப்போய் வாயைத் திறந்தபடி நின்றது. வயிற்றில் பச்சையாகத் தண்ணீர். டார்ச்சம்மா கரண்டியை விட்டார். "ஆடுது ஐயா" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கூட்டமா ஆடுது, இவங்கள மாதிரியே" என்று அந்த எட்டுப் பேரையும் பார்த்துச் சொன்னதற்கு நான் அன்றே அவரைக் கண்டித்துவிட்டேன். பிறகு நமக்குள் நடந்த பேச்சைத் தாங்கள் வேறு மாதிரி சொல்லி வருவதால் உள்ளபடி எழுதுகிறேன்.

"மாப்பிள்ளை, அது மீன் குஞ்சு" என்றீர்கள்.

"மீன் குஞ்சு தலைகீழாத் தொங்கி மூச்சு விடாது, மச்சான்" என்றேன்.

"இது அழகுக்கு வச்ச சாமான். இதுல போயா கொசு வரும்?"

"அதுக்கும் அழகு தெரியும் போல."

"பெரிய மனுஷங்க இருக்கிற இடத்துல வந்து கரண்டிய வச்சுக்கிட்டு நிக்கிறீரே, உமக்கே நல்லா இருக்கா?"

"கரண்டி அரசாங்கக் கரண்டி, மச்சான். நான் நிக்கல, அதுதான் நிக்குது."

இவ்வளவுதான் பேச்சு. இதில் அவமரியாதை எங்கே இருக்கிறது? நோட்டீஸை எழுதி நீட்டினேன். தாங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். பெற மறுத்தால் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வாசற்கதவில் ஒட்ட வேண்டும் என்பது விதி. ஒரு சாட்சி டார்ச்சம்மா. இன்னொருவருக்காகத் தங்கள் சங்கத்தாரைப் பார்த்தேன். எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் செருப்பு தேடும் வேலை வந்துவிட்டது. அப்போது தங்கள் மனைவியாருக்கு உதவியாக வந்திருந்த என் மனைவி, சமையலறையிலிருந்து தேநீர்த் தட்டோடு வந்தாள். படித்தவள், விலாசம் தெரிந்தவள், சம்பவ இடத்தில் இருப்பவள். சட்டப்படி எந்தக் குறையும் இல்லாத சாட்சி. பேனாவை நீட்டினேன்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். நோட்டீஸை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "எந்தத் தாளுக்கு நான் சாட்சி சொல்லணும்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கதவில் பசை காயும்வரை நின்று பார்த்துவிட்டு, "நான் இங்கயே இருந்துக்கிறேன், நீங்க போங்க" என்று உள்ளே போய்விட்டாள். எதிர்வீட்டுத் தையற்காரர் இரண்டாவது சாட்சியாகக் கையெழுத்திட்டார். திரும்பும் வழியில் டார்ச்சம்மா, "ஐயா, பதிவேட்டுல எழுதிட்டீங்க, கதவட்டைல எழுதலையே" என்றார். "அப்புறம் எழுதிக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். மனநிலை அப்படி.

மனைவி இல்லாத வீட்டை ஒரு சுகாதார ஆய்வாளர் எப்படி வைத்துக்கொள்வார் என்று தாங்கள் சந்தேகப்படலாம். குறை சொல்ல முடியாதபடி வைத்திருந்தேன். குடிநீர்ப் பானையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கழுவினேன். வெந்ததையும் வேகாததையும் தனித்தனியே மூடி வைத்தேன். நான் சமைத்ததில் எது எந்த வகை என்று பிரிப்பதுதான் சிரமமாக இருந்தது. இருபத்து நான்காம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. பரிசோதனையில் அதே காய்ச்சல். வரைபடத்தில் ஆறாவது சிவப்புப் புள்ளியாக என் வீடு ஏறியது. வார்டு ஆய்வாளரின் வீடே சிவப்பாவது இந்த அலுவலக வரலாற்றில் இதுதான் முதல் தடவை என்று மருத்துவ அலுவலர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

நோயாளியின் வீட்டை வேறொருவர்தான் சோதிக்க வேண்டும் என்பது விதி. வந்தவன் சல்யூட். தங்களுக்கு அவனைத் தெரியாது. எனக்கு எட்டு ஆண்டு இளையவன். கொசுப்புழுவை எப்படி அடையாளம் காண்பது என்று பூதக்கண்ணாடி வைத்து நான் சொல்லிக்கொடுத்தவன். எதிரே யார் வந்தாலும் சல்யூட் அடித்து அடித்தே மேற்பார்வையாளர் ஆகிவிட்டான். எனக்கு வர வேண்டிய பதவி அது. கட்டிலில் போர்த்திப் படுத்திருந்த எனக்கும் ஒரு சல்யூட் அடித்தான்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. ஃப்ரிட்ஜ இழுத்துப் பாத்துடவா?"

"தாராளமா இழு. ஒண்ணும் இருக்காது."

டார்ச்சம்மா குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். இவர் பேசாதிருந்தால் நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா" என்றார்.

"சொல்லுங்க."

"ஆடுது."

"எத்தன இருக்கும்?"

"எண்ணணுமா ஐயா? இவங்க ஒரு சங்கமே வச்சிருக்காங்க."

ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், அடியில் நீர் வடியும் தட்டு. வார்டில் நானூறு வீட்டுப் பெண்களிடம் அதை இழுத்துக் காட்டச் சொல்லி, அழுக்காக இருந்தால் அரை மணி நேரம் பேசியவன் நான். அந்த 'ஃப்ரிட்ஜ் தட்டு இயக்கத்துக்காக' எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம்கூட உண்டு. இது எப்படி நிரம்பியது என்று டார்ச்சம்மாவைக் கேட்டேன்.

"அம்மா இருந்தா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எடுத்து ஊத்திக் கழுவிடுவாங்களே ஐயா. உங்களுக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தட்ட இழுத்துப் பாருன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவங்கதான? நான் உங்ககிட்ட சொன்னேன். நீங்க அத இயக்கம் ஆக்கிட்டீங்க."

சல்யூட் இதற்குள் சமையலறைக் கதவைச் சாத்தி அட்டையைப் பார்த்தான். என் வீட்டு அட்டையில் இந்த மாதம் முடியும்வரை, இன்னும் வராத இரண்டு வாரங்களுக்கும் சேர்த்து, 'புழு இல்லை' என்று எழுதி என் கையெழுத்து இருந்தது. இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. "ஐயா, உங்க வீட்ட நான் பாத்துடவா?" என்று டார்ச்சம்மா பல தடவை கேட்டிருக்கிறார். "அது நம்ம வீடு, நான் பாத்துக்கிறேன்" என்று நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். சொந்த வீட்டைச் சோதிக்கப் போவது, கண்ணாடியில் நம் முகத்தைப் பார்த்து நீ யார் என்று கேட்பதுபோல இருந்தது, அதனால் போகவில்லை. சல்யூட் அட்டையை ஒருமுறை முழுதும் படித்தான். கையைத் தூக்கி நெற்றியில் வைத்தான். இந்த ஒரு சல்யூட்டைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "நோட்டீஸ் மட்டும் உங்க கையாலதான் சார் தரணும், உங்க வார்டு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பதினொரு நாள் படுத்திருந்தேன். அந்தப் பதினொரு நாளும் டார்ச்சம்மா ஒரு ரொட்டியும் ஒரு ஃபிளாஸ்க் பாலும் கொண்டுவந்து வைத்தார். யார் கொடுத்தது என்று கேட்டால், "யாரோ குடுத்தாங்க, சாப்பிடுங்க" என்பார். ரொட்டி தங்கள் பேக்கரியில் செய்தது. உறையில் தயாரித்த தேதி அச்சிடப்படவில்லை. அதை இங்கே நான் பெரிதுபடுத்தவில்லை.

முந்தாநாள் வேலைக்குத் திரும்பி, முதல் வேலையாக எனக்கு நானே நோட்டீஸ் எழுதினேன். கொடுப்பவர் பெயர், பெறுபவர் பெயர் இரண்டும் ஒன்று. நோட்டீஸின் வாசகத்தைப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் தயாரித்துக் கொடுத்தவனும் நான்தான். 'தங்களது பொறுப்பற்ற அலட்சியத்தால் அக்கம்பக்கத்தாரின் உயிருக்கு ஆபத்து விளைவித்துள்ளீர்கள்.' அதைப் பெறுபவனாக இருந்து படித்தபோது, எழுதியவன் ஈவிரக்கம் இல்லாத ஆள் என்று தோன்றியது. ஒரு வீட்டுக்காரன் என்ற முறையில் வாங்க மறுத்தேன். ஓர் அதிகாரி என்ற முறையில் அதைக் குறித்துக்கொண்டேன். ஆகவே நோட்டீஸ் இப்போது என் வீட்டு வாசற்கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. முதல் சாட்சியாக டார்ச்சம்மா கையெழுத்திட்டுவிட்டார். இரண்டாம் சாட்சியின் கோடு காலியாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தின் நோக்கம் இதுதான். சாட்சி அந்த வீட்டை நன்கு அறிந்தவராக இருந்தால் நல்லது. தங்கள் தங்கையை ஒருமுறை அனுப்பிவைத்தால் கையெழுத்துப் போட்டுவிடலாம். பேனா இருக்கிறது. வந்தவள் இங்கேயே இருந்துவிட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தங்கள் வீட்டு நோட்டீஸைப் பொறுத்தவரை என் நிலையில் ஒரு மயிரிழை மாற்றமும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். நான் என் கண்ணால் பார்க்காத எதிலும் கையெழுத்திடுகிறவன் அல்ல. சொந்த வீடு ஒன்றுதான் விதிவிலக்கு, அதற்கும் தண்டனையை நானே எனக்குக் கொடுத்துக்கொண்டுவிட்டேன். மண் கொட்டுங்கள், செடி நடுங்கள், வந்து பார்த்து எழுதுகிறேன். அதுவரை நோட்டீஸ் கதவில்தான் இருக்கும்.

தங்கள் மனைவியாருக்கு என் மரியாதை. அன்று ஆறிப்போன தேநீருக்காக வருந்துகிறேன். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் முழுக்கைச் சட்டையோடும் இருக்க என் ஆசிகள். அன்னத்தை நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
சுகாதார ஆய்வாளர்

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். 'நம்ம வீடு, நான் பாத்துக்கிறேன்' என்று டார்ச்சம்மாவிடம் சொன்னது ஒரு வீட்டை அல்ல, இரண்டு வீட்டை. இரண்டாவது தங்களுடையது. கல்யாணப் பேச்சில் தாங்கள் கேட்ட கேள்விக்குப் பிறகு, ஊரில் எந்தச் சாக்கடையை மோந்தாலும் தங்கள் வீட்டுச் சாக்கடையை மோப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். அதனால் ஒவ்வொரு மாதமும் தங்கள் வீட்டுக் கதவட்டையைத் தங்கள் தங்கைதான் என்னிடம் எடுத்து வருவாள். நான் நாற்காலியை விட்டு எழாமல் நான்கு வாரத்துக்கும் 'புழு இல்லை' என்று எழுதிக் கொடுப்பேன். அவள் கொண்டுபோய் மாட்டுவாள். அந்த அட்டை இப்போதும் தங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் தொங்க வேண்டும். நோட்டீஸ் ஒட்டிய அதே செவ்வாய்க்கிழமைக்கும் அதில் என் கையெழுத்து இருக்கிறது: புழு இல்லை. வாரம் ஒருமுறை மாடி ஏறியிருந்தால், மோட்டார் நின்ற வாரமே அன்னத்தைக் கவிழ்த்திருப்பேன். எந்தத் தாளுக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று அவள் கேட்டது விளங்கவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அன்றே விளங்கிவிட்டது.

அட்டையை மருத்துவ அலுவலரிடம் காட்டினால் தங்கள் நோட்டீஸ் அன்றைக்கே ரத்தாகும். அதோடு என் வேலையும். முப்பத்தேழு நாளாக அவள் இதைத் தங்களிடம் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் நேற்று தாங்கள் தட்டை முகத்துக்கு நேரே பிடித்திருக்க மாட்டீர்கள், என் முகத்துக்கு நேரே வீசியிருப்பீர்கள். அவள் சொல்லாததால் நான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை சல்யூட் தங்கள் தெருவுக்கு அட்டை பார்க்க வருகிறான். அதற்குள் அதை என்ன செய்வது என்று அண்ணனும் தங்கையும் பேசி முடிவு செய்யுங்கள். எதைச் செய்தாலும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

ஃப்ரிட்ஜ் தட்டைக் கழற்றிக் கழுவிவிட்டேன். திரும்ப எந்தப் பக்கமாக மாட்டுவது என்று தெரியவில்லை. அவளைக் கேட்டுச் சொல்லவும்.